எஸ்டி-லிங்க் முதல் எஸ்டிஎம்32 வரை: டீபக்கரும் சிப்பும் பேசும் வழி

எஸ்டிஎம்32 சிப்பில் ஓடும் நிரலை நிறுத்தி ஆராய உதவும் எஸ்டி-லிங்க் என்ற டீபக்கரைச் சொருகி, நான்கு வயரை மாட்டி, அதை இயக்கும் ஓப்பன்ஓசிடி என்ற நிரலை ஓட்டியதும் திரையில் பிழைச் செய்தி வருகிறது. உடனே பலரும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிப் பார்ப்பார்கள். வயரைப் பிடுங்கி மாட்டுவார்கள், டிரைவரை மறுபடி நிறுவுவார்கள், அமைப்புக் கோப்பைத் திருத்துவார்கள். கடைசியில் வேலை செய்தாலும் எதனால் சரியாயிற்று என்று தெரியாது. கணினிக்கும் சிப்புக்கும் நடுவே மூன்று கண்ணிகள் இருக்கின்றன. பேச்சு எந்தக் கண்ணியில் நின்றது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அதை மட்டும் தொடுங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் இதற்காகத்தான்.

தேவையானவை: எஸ்டிஎம்32எஃப்103சி8 சிப் கொண்ட, புளூ பில் என்று கடைகளில் கிடைக்கும் சிறு பலகை, யூஎஸ்பி குச்சி வடிவ எஸ்டி-லிங்க் வி2, ஐந்து ஜம்பர் வயர்கள், கணினியில் ஓப்பன்ஓசிடி, நாம் டீபக் கட்டளைகளைத் தட்டும் ஜிடிபி ஆகிய இரண்டு நிரல்கள். இரண்டும் இலவசம். ஓப்பன்ஓசிடி 2005இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் டொமினிக் ராத் என்ற மாணவரின் பட்டய ஆய்வாகத் தொடங்கியது.

கட்டளைகளை இங்கே ஒலிப்பு வடிவில் தருகிறேன். கணினியில் ஆங்கில எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள்.

மூன்று கண்ணிகள்

முதல் கண்ணி ஜிடிபிக்கும் ஓப்பன்ஓசிடிக்கும் இடையே உள்ளது. இரண்டும் ஒரே கணினியில் ஓடினாலும் டிசிபி இணைப்பு வழியாக, 3333 என்ற போர்ட்டில் பேசிக்கொள்கின்றன. இரண்டாவது, ஓப்பன்ஓசிடிக்கும் எஸ்டி-லிங்க்குக்கும் நடுவிலான யூஎஸ்பி. மூன்றாவது, எஸ்டி-லிங்க்குக்கும் சிப்புக்கும் நடுவிலான எஸ்டபிள்யூடி (சீரியல் வயர் டீபக்). ஏஆர்எம் நிறுவனம் வகுத்த இந்த நெறிமுறைக்கு ஒரு தரவு வயரும் ஒரு கடிகார வயரும் போதும்.

இதற்கு மூத்த டீபக் நெறிமுறை ஜேடேக். 1990இல் ஐஇஇஇ 1149.1 என்ற தரமாக வந்தது. குறைந்தது நான்கு சிக்னல் வயர்கள் வேண்டும். எஃப்103 சிப்பில் இரண்டுமே உண்டு, பின்களைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரே சிப்பை மட்டும் டீபக் செய்யும் தொடக்கக்காரர் ஜேடேக்கைத் தேடிப் போக வேண்டிய அவசியம் இல்லை என்பது என் கருத்து.

படி 1: வயர்களை மாட்டுதல்

பலகையின் ஓரத்தில் நான்கு பின்கள் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும்: கிரவுண்ட், கடிகாரம், தரவு, 3.3 வோல்ட். எஸ்டி-லிங்க்கிலும் இதே பெயர்கள் இருக்கும், ஆனால் வரிசை வேறு. அலுமினிய உறையில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து, பெயருக்குப் பெயர் மாட்டுங்கள். சிப்பின் பக்கத்தில் தரவு என்பது பிஏ13, கடிகாரம் என்பது பிஏ14.

பலகைக்கு யூஎஸ்பி வழியாக ஏற்கெனவே மின்சாரம் வருகிறதென்றால் 3.3 வோல்ட் வயரை மாட்டாதீர்கள். மலிவுக் குச்சிகளில் அந்தப் பின் மின்சாரத்தை வெளியே தருகிறது. இரண்டு மூலங்களை ஒன்றோடொன்று மோதவிடக் கூடாது. ஆனால் கிரவுண்ட் வயரை எக்காரணத்தாலும் விட்டுவிடக் கூடாது. அது இல்லாவிட்டால் எது உயர்நிலை, எது தாழ்நிலை என்பதில் இரண்டு பக்கமும் உடன்படாது.

வயர் சுமார் 20 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். இணைப்பு அடிக்கடி அறுந்தால் வயரைக் குறையுங்கள், அல்லது வேகத்தைக் குறையுங்கள்.

படி 2: யூஎஸ்பி கண்ணியைச் சோதித்தல்

லினக்ஸில் எல்எஸ்யூஎஸ்பி என்று தட்டுங்கள். பட்டியலில் 0483:3748 என்ற எண் தெரிந்தால் எஸ்டி-லிங்க் வி2வைக் கணினி பார்த்துவிட்டது. எண் தெரிந்தும் ஓப்பன்ஓசிடி அனுமதி இல்லை என்று முறையிட்டால், அதனுடன் வரும், சாதன அனுமதிகளைச் சொல்லும் யூடேவ் விதிக் கோப்பை உரிய அடைவில் வைத்து, குச்சியை ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். ஒவ்வொரு முறையும் சூடோ போட்டு, அதாவது நிர்வாகி உரிமையில், ஓட்டுவது சோம்பேறி வழி. விண்டோஸில் சிப்பைத் தயாரிக்கும் எஸ்டி நிறுவனத்தின் டிரைவரை நிறுவினால் போதும்.

படி 3: ஓப்பன்ஓசிடியை ஓட்டுதல்

ஓப்பன்ஓசிடி -எஃப் இன்டர்ஃபேஸ்/எஸ்டிலிங்க்.சிஎஃப்ஜி -எஃப் டார்கெட்/எஸ்டிஎம்32எஃப்1எக்ஸ்.சிஎஃப்ஜி

முதல் கோப்பு டீபக்கர் எது என்று சொல்கிறது, இரண்டாவது கோப்பு சிப் எது என்று சொல்கிறது. அந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

வெளிவரும் செய்திகளை வரி வரியாகப் படியுங்கள். கேட்ட 1000 கிலோஹெர்ட்ஸ் பொருந்தவில்லை, 950ஐப் பயன்படுத்துகிறேன் என்று ஒரு வரி வரலாம். அது பிழை அல்ல. எஸ்டி-லிங்க் வி2வுக்கு 4000, 1800, 1200, 950, 480, 240 என்று குறிப்பிட்ட சில வேகங்கள்தான் தெரியும். கேட்டதற்குக் கீழே கிடைப்பதை எடுத்துக்கொள்கிறது. பலர் இந்த வரியைப் பார்த்துப் பதறி, சரியாக ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

அடுத்து, டார்கெட்டின், அதாவது டீபக் செய்யப்படும் சிப்பின், வோல்ட்டேஜ் 3.2 போல ஓர் எண்ணாக வரும். அசல் எஸ்டி-லிங்க் அதைப் பலகையிலிருந்தே அளக்கிறது. மலிவுக் குச்சிகள் பல, தமக்குள் இருக்கும் மின்னழுத்தத்தையே அளந்து காட்டிவிடும். பலகைக்கு மின்சாரமே இல்லாதபோதும் 3.2 என்று சொல்லும் அந்த எண்ணை நம்பிவிடாதீர்கள்.

கடைசியாக, கார்டெக்ஸ்-எம்3 (சிப்பின் செயலி) கண்டறியப்பட்டது, 6 பிரேக்பாயின்ட் (நிரலை ஓரிடத்தில் நிறுத்துபவை), 4 வாட்ச்பாயின்ட் (நினைவகத்தில் ஓரிடம் தொடப்பட்டதும் நிறுத்துபவை) உள்ளன, 3333இல் ஜிடிபிக்காகக் காத்திருக்கிறேன் என்ற வரிகள் வரும். இவை வந்துவிட்டால் இரண்டாவது, மூன்றாவது கண்ணிகள் வேலை செய்கின்றன. நேராகப் படி 6க்குப் போகலாம். ஆனாலும் படி 4ஐப் படித்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

படி 4: இரண்டு வயரில் என்ன ஓடுகிறது

சிப் எழும்போது அதன் டீபக் வாயில் (டீபக்கரோடு பேசும் பகுதி) ஜேடேக் நிலையில் இருக்கிறது. எஸ்டபிள்யூடிக்கு மாற்ற, டீபக்கர் தரவு வயரை உயரத்தில் வைத்து 50 கடிகாரத் துடிப்புகளாவது தருகிறது. பிறகு 16 பிட் கொண்ட ஒரு குறிப்பிட்ட வரிசையை அனுப்புகிறது, மீண்டும் 50 துடிப்புகள் தருகிறது. இப்போது வாயில் எஸ்டபிள்யூடி பேசத் தயார். உடனே அடையாள எண்ணைக் கேட்க வேண்டும்.

அந்தக் கேள்வி எட்டு பிட்தான்: 1, 0, 1, 0, 0, 1, 0, 1. முதல் 1 தொடக்கம். அடுத்த 0, கேள்வி டீபக் வாயிலுக்கே என்று சொல்கிறது. 1 ஆக இருந்தால் வாயிலுக்குப் பின்னால் உள்ள அணுக்கப் பகுதிக்கு. மூன்றாவது பிட் 1 என்றால் படிக்க, 0 என்றால் எழுத. அடுத்த இரண்டும் ரெஜிஸ்டர் என்ற சிறு சேமிப்பிடத்தின் முகவரி. ஆறாவது, பிழையைக் காட்டிக்கொடுக்கும் பாரிட்டி பிட்: முன்னால் உள்ள நான்கு பிட்டில் 1களின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்பதால் இங்கே 1. ஏழாவது 0 நிறுத்தம், எட்டாவது 1 வயரை உயரத்தில் விட்டுவைப்பது.

தரவுக்கு ஒரே வயர்தான் என்பதால் இருவரும் ஒரே நேரத்தில் பேச முடியாது. டீபக்கர் ஒரு துடிப்புக்கு வயரை விட்டுவிடுகிறது, சிப் அதைப் பிடித்துக்கொள்கிறது. பதிவுத் தபாலுக்கு ஒப்புகை அட்டை வருவதுபோல முதலில் மூன்று பிட் பதில் வருகிறது. 1 என்றால் சரி. 2 என்றால் கொஞ்சம் பொறு. 4 என்றால் கோளாறு. இம்மூன்றும் அல்லாமல் 7 வந்தால், அது சிப்பின் பதிலே அல்ல. வயரை யாரும் இழுக்காததால் அது உயரத்திலேயே நிற்கிறது. கிரவுண்ட் இல்லை, மின்சாரம் இல்லை, பின் மாறிவிட்டது, சிப் தூங்குகிறது ஆகியவற்றில் ஏதோ ஒன்று.

பதில் 1 என்றால் 32 பிட் தரவும் ஒரு பாரிட்டி பிட்டும் பின்தொடரும். வயர் கைமாறும் துடிப்புகளையும் கூட்டினால், ஒரு முறை படிக்க 46 துடிப்புகள். 4 மெகாஹெர்ட்ஸில் இது 11.5 மைக்ரோவிநாடி.

எஃப்103 தரும் அடையாள எண் ஹெக்ஸில் (பதினாறு அடிமான எண்முறையில்) 1பிஏ01477. கடைசி 477 ஏஆர்எம் வடிவமைப்பு என்பதைக் குறிக்கிறது.

நினைவகத்தைப் படிக்க, வாயிலுக்குப் பின்னால் உள்ள நினைவக அணுக்கப் பகுதியில் ஒரு ரெஜிஸ்டரில் முகவரியை எழுதி, இன்னொரு ரெஜிஸ்டரிலிருந்து தரவைப் படிக்க வேண்டும். இங்கே ஒரு விசித்திரம்: முதல் முறை படித்தால் கிடைப்பது பழைய மதிப்பு. நீங்கள் கேட்டது அடுத்த முறை படிக்கும்போதுதான் வரும். எஸ்டி-லிங்க் இதை உள்ளுக்குள்ளேயே பார்த்துக்கொள்வதால் உங்கள் கண்ணில் படாது. சொந்தமாக டீபக்கர் எழுத முனைபவர்கள் முதலில் திணறும் இடம் இதுதான்.

கோளாறு என்ற பதிலுக்கும் ஒரு குணம் உண்டு: அது ஒட்டிக்கொள்ளும். இல்லாத முகவரி ஒன்றைப் படித்துவிட்டால், பிறகு சரியான முகவரியைக் கேட்டாலும் கோளாறு என்றே வரும். அபார்ட் ரெஜிஸ்டரில் எழுதி அதைத் துடைத்த பிறகே பேச்சு தொடரும்.

படி 5: மூன்றாவது கண்ணி அறுந்தால்

எஸ்டி-லிங்க்கைக் கண்டுகொண்ட ஓப்பன்ஓசிடி, டார்கெட்டுடன் இணைய முடியவில்லை என்கிறதா? யூஎஸ்பி பக்கம் போகவே வேண்டாம். மல்டிமீட்டரை எடுத்து, பலகையின் 3.3 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே அளவெடுங்கள். மின்சாரம் சரி என்றால் தரவு, கடிகாரம் இரண்டும் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் வேகத்தை 240க்கு இறக்குங்கள்:

-சி "அடாப்டர் ஸ்பீட் 240"

இதைக் கட்டளையின் கடைசியில் சேர்க்க வேண்டும். முன்னால் சேர்த்தால் சிப்பின் கோப்பு அதை மீண்டும் 1000 ஆக்கிவிடும்.

நேற்று வரை இணைந்த பலகை இன்று இணையவில்லை என்றால், சந்தேகம் சிப்புக்குள் ஓடும் நிரலின் மேல் விழ வேண்டும். பிஏ13, பிஏ14 இரண்டும் சாதாரண பின்களாகவும் பயன்படக்கூடியவை. நிரல் அவற்றை எடுத்துக்கொண்டால் டீபக் வாயில் அடைபடும். எஸ்டி நிறுவனத்தின் திட்ட அமைப்புக் கருவியான கியூப்எம்எக்ஸில் எஃப்1 வரிசைக்குத் திட்டம் தொடங்கும்போது சிஸ்டம் பகுதியில் சீரியல் வயரைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால் நடப்பது இதுதான். ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போகும் நிரலும் இதே தொல்லையைத் தரும்.

சிப் கெட்டுவிடவில்லை. பலகையில் பூட்0 ஜம்பரை 1 பக்கம் மாற்றி, ரீசெட்டை அழுத்துங்கள். சிப் உங்கள் நிரலை விட்டுவிட்டுத் தன் உள்ளமைந்த பூட்லோடர் என்ற தொடக்க நிரலை ஓட்டும். டீபக் பின்கள் திறந்திருக்கும். இணைந்து, உங்கள் நிரல் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தை அழித்து, ஜம்பரைத் திருப்பி வையுங்கள். ஐந்தாவது வயரைப் பலகையின் ஆர் என்ற பின்னில் மாட்டி, ரீசெட்டைப் பிடித்துக்கொண்டே இணைவதும் ஒரு வழி, ஆனால் மலிவுக் குச்சிகளில் அந்த ரீசெட் பின்னை நம்ப முடியாது. ஜம்பர்தான் எனக்குப் பிடித்த வழி.

எதிர்பாராத அடையாள எண் 2பிஏ01477 என்று எச்சரிக்கை வந்தால் கண்ணி அறுபடவில்லை. வேறு நிறுவனத்தின் நகல் சிப் உங்கள் பலகையில் இருக்கிறது என்று பொருள். சிப்பின் கோப்புக்கு முன்னால் -சி "செட் சிபியூடேப்ஐடி" என்று தொடங்கி, அந்த எண்ணைக் கொடுத்தால் ஓப்பன்ஓசிடி ஏற்றுக்கொள்ளும்.

படி 6: ஜிடிபியை இணைத்தல்

ஓப்பன்ஓசிடி ஓடிக்கொண்டே இருக்கட்டும். இன்னொரு டெர்மினலில் உங்கள் நிரலைத் தொகுத்ததும் கிடைக்கும் எல்ஃப் கோப்புடன் ஜிடிபியைத் திறந்து, இவற்றை வரிசையாகத் தட்டுங்கள்:

டார்கெட் எக்ஸ்டெண்டட்-ரிமோட் லோக்கல்ஹோஸ்ட்:3333
மானிட்டர் ரீசெட் ஹால்ட்
லோட்
பிரேக் மெயின்
கன்டினியூ

மானிட்டர் என்று தொடங்குவதை ஜிடிபி பொருள் புரிந்து செய்வதில்லை. அப்படியே ஓப்பன்ஓசிடியிடம் கடத்திவிடுகிறது. லோட், நிரலை 08000000 என்ற ஹெக்ஸ் முகவரியில் தொடங்கும் ஃபிளாஷில் எழுதுகிறது.

முதல் கண்ணியின் பேச்சைப் பார்க்க ஆசையிருந்தால் செட் டீபக் ரிமோட் 1 என்று தட்டுங்கள். ஒவ்வொரு செய்தியும் $ குறியில் தொடங்கி, # குறிக்குப் பின் இரண்டு ஹெக்ஸ் இலக்கத்தில் முடியும். அந்த இரண்டு இலக்கம், நடுவில் உள்ள எழுத்துகளின் மதிப்பைக் கூட்டி 256ஆல் வகுத்தால் வரும் மீதி. ரெஜிஸ்டர்களைக் கேட்கும் செய்தி ஜி என்ற ஒற்றை எழுத்து. அதன் ஆஸ்கி மதிப்பு ஹெக்ஸில் 67 என்பதால் செய்தி #67 என்றே முடிகிறது. 3333இல் இணைப்பு மறுக்கப்பட்டது என்று ஜிடிபி சொன்னால் ஓப்பன்ஓசிடி ஓடவில்லை என்று பொருள். வயர்களுக்கு இதில் பங்கில்லை.

பிரேக்பாயின்ட் ஆறுதான் என்பதை மறந்துவிடாதீர்கள். ஃபிளாஷில் ஓடும் நிரலை நிறுத்த சிப்பின் உள்ளே ஆறு ஒப்பீட்டுச் சுற்றுகளே உள்ளன. ஏழாவதை வைத்துவிட்டு கன்டினியூ கொடுத்தால் பிழை வரும். நிரலை அடுத்த வரிக்கு நகர்த்தும் நெக்ஸ்ட் கட்டளையும் தன் வேலைக்குத் தற்காலிகமாக ஒன்றை எடுத்துக்கொள்வதால், ஐந்துக்கு மேல் வைக்காமல் இருப்பது நல்லது. தேவை முடிந்ததை டெலீட் கட்டளையால் நீக்குங்கள். வெளியேறும் முன் மானிட்டர் ரீசெட் ரன் கொடுங்கள். இல்லையென்றால் ஜிடிபியை மூடிய பிறகும் சிப் நின்ற இடத்திலேயே நிற்கலாம்.