ரத்தம் சிந்துன இடத்தை சுத்தம் பண்ணுத வேலைக்கு புதுசா வாரவங்களுக்கு

பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பக்கம் ஆஸ்பத்திரி, லேப்னு இந்த வேலைக்கு நிறைய பிள்ளைகள் வாரீங்க, மொத நாளே மாப்பை கையில குடுத்து தொடைன்னுருவாங்க, செய்யாதீங்க தம்பி. மொதல்ல ஹெபடைடிஸ் பி, அதாவது ரத்தம் வழியா பரவுத ஈரல் நோய்க்கான தடுப்பூசி, 0, 1, 6 மாசம்னு மூணு டோஸ், அதைக் கேட்டு வாங்குங்க, அது உங்க உரிமை.

ரத்தம் கெடந்தா உடனே தேய்க்கக்கூடாது, கிளவுஸ், மாஸ்க், கண்ணாடி, ஏப்ரன் போட்டுட்டு மேல பழைய துணியோ டிஷ்யூவோ விரிச்சு 1% ஹைப்போகுளோரைட் கரைசலை (கிருமியைக் கொல்லுத குளோரின் தண்ணி) ஓரத்துலேர்ந்து நடுவுக்கு ஊத்துங்க, 20 நிமிஷமாவது விடணும், அவசரப்பட்டா கிருமி சாவாது. பிளீச்சிங் பவுடர்தான் இருக்குன்னா லிட்டருக்கு 30 கிராம் போல, அன்னன்னைக்கு புதுசா கலக்கணும். ஆசிட்டோட சேர்த்துராதீங்க, குளோரின் வாயு வந்து மூச்சை அடைச்சுரும், சன்னலைத் தொறந்து வைங்க.

ரத்தம் ஊறுன பஞ்சு, துணி மஞ்சள் பையில, கிளவுஸ் சிவப்புல, ஊசி வெள்ளை டப்பாவுல, ஒடைஞ்ச கண்ணாடியை கையால எடுக்காம இடுக்கியால எடுத்து நீலப் பெட்டியில போடுங்க, 2016 மருத்துவக் கழிவு விதி இதான்.

கழட்டும்போது கிளவுஸ் மொதல்ல, மாஸ்க் கடைசில, அப்புறம் கையை சோப்பு போட்டு நல்லா கழுவுங்க.

ஊசி குத்திட்டா பிதுக்காதீங்க, சோப்பு தண்ணியில கழுவிட்டு நேரா டாக்டர்ட்ட ஓடுங்க, எச்ஐவி தடுப்பு மாத்திரையை 2 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா ரொம்ப நல்லது, 72 மணி நேரம் தாண்டவே கூடாது, சூப்பர்வைசர் ஏசுவார்னு மறைச்சுராதீங்க மக்கா.