நூல் கட்டி, ரேஸ் டிராக்கில் ஓட்டும் காருக்கு வீல் அலைன்மென்ட் வைப்பது

தூண்டில் நரம்பு, நாலு ஜாக்கி ஸ்டாண்டு, ஒரு ஸ்டீல் ஸ்கேல், டிஜிட்டல் ஆங்கிள் கேஜ் இவ்வளவு இருந்தால் டோவை (சக்கரத்தின் முன் விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) அரை மில்லிமீட்டர் வரை பிடித்துவிடலாம். அளப்பதில் தப்பு வருவது குறைவு. அதற்கு முன்னால் காரை நிறுத்தும் விதத்தில்தான் வருகிறது.

முதலில் பால் ஜாயின்ட், டை ராட் எண்ட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் முனை), வீல் பேரிங், சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ் எதிலும் ஆட்டம் இல்லையா என்று பாருங்கள். ஆடும் புஷ்ஷை வைத்துக்கொண்டு அளவு வைப்பது வீண் வேலை. டயர் காற்றை ஓட்டும் அளவுக்கு வையுங்கள். டிரைவர் சீட்டில் அவர் எடைக்கு மணல் மூட்டை, பாதி டாங்க் பெட்ரோல். தரை மட்டமும் முக்கியம்: இடது, வலது சக்கரங்களுக்கு இடையே 3 மி.மீ. உயர வித்தியாசம் இருந்தாலே கேம்பர் (முன்னாலிருந்து பார்க்கையில் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) சுமார் 0.12 டிகிரி பொய் சொல்லும். பள்ளத்துச் சக்கரத்தின் கீழ் தகடு வைத்துச் சரிக்கட்டலாம்.

ஜாக்கியிலிருந்து இறக்கியதும் அளக்கவே கூடாது. டயர் தரையைக் கவ்விக்கொண்டு சஸ்பென்ஷனை உட்கார விடாது. காரை முன்னும் பின்னும் சில அடி உருட்டி, பானெட்டை நாலு தடவை அழுத்தி விடுங்கள். முன்சக்கரங்களின் கீழ் கிரீஸ் தடவிய இரண்டு தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் வேலை சுலபம்.

கேம்பர் முதலில், டோ கடைசியில். கேம்பரை மாற்றினால் டோ தானாக மாறும். வரிசையை மாற்றினால் இரண்டு தடவை வேலை.

இனி நூல். ஸ்டீயரிங்கை நேராக வைத்துக் கட்டிவிடுங்கள். காரின் இரு பக்கமும் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) உயரத்தில், ஜாக்கி ஸ்டாண்டுகளுக்கு இடையே நரம்பை இழுத்துக் கட்டுங்கள். அது காரின் எந்தப் பாகத்திலும் உரசக் கூடாது. முன் டிராக் (இடது, வலது சக்கரங்களுக்கு இடையேயான அகலம்) 1470 மி.மீ., பின் டிராக் 1450 மி.மீ. என்றால், நூலிலிருந்து ஹப் மையத்துக்கு உள்ள தூரம் முன்னால் 10 மி.மீ. குறைவாக வர வேண்டும். இடமும் வலமும் ஒரே அளவு. பலர் கோட்டை விடும் இடம் இதுதான்: நாலு சக்கரத்துக்கும் சம தூரம் வைத்து, நூலையே கோணலாக்கி விடுவார்கள்.

பிறகு ரிம்மின் முன் விளிம்பு, பின் விளிம்பு இரண்டிலிருந்தும் நூலுக்கு அளங்கள். முன் அளவு சிறியதானால் டோ அவுட், பெரியதானால் டோ இன். டயரில் அளக்காதீர்கள், பக்கவாட்டு எழுத்தே ஏமாற்றும். ரிம் கோணல் என்று சந்தேகம் வந்தால் சக்கரம் அரைச் சுற்று சுற்றும்படி காரை உருட்டி, நூலை மறுபடி சரிபார்த்து அளந்து சராசரி எடுங்கள்.

டை ராடின் லாக் நட்டைத் தளர்த்தி இரு பக்கமும் சமமாகத் திருப்புங்கள். இல்லாவிட்டால் நேர்ரோட்டில் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். 1.5 மி.மீ. பிட்ச் உள்ள டை ராடில் கால் சுற்றுக்கு அந்தச் சக்கரத்தில் ஏறக்குறைய 1 மி.மீ. மாறும். ஸ்டீயரிங் ராக் (டை ராடுகளை இடவலமாகத் தள்ளும் பாகம்) ஆக்ஸிலுக்குப் பின்னால் இருந்தால் ராடை நீட்டினால் டோ இன், முன்னால் இருந்தால் நேரெதிர். லாக் நட்டை முறுக்கியபின் மறுபடி அளங்கள், முறுக்கும்போதே நகர்ந்திருக்கும்.

முன்சக்கர டிரைவ் காருக்குத் தொடக்க அளவு: முன் கேம்பர் மைனஸ் 2 முதல் 3 டிகிரி (மைனஸ் என்றால் சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்வது), முன் டோ மொத்தம் 0 முதல் 2 மி.மீ. அவுட், பின் டோ பூஜ்யம். பின்சக்கர டிரைவில் பின்னால் 1 முதல் 2 மி.மீ. இன் கட்டாயம், அவுட் போனால் பிரேக் பிடிக்கையில் வால் ஆடும். முதலில் நீங்கள் ஓட்டும் போட்டிப் பிரிவின் (கிளாஸ்) விதி எதை மாற்ற அனுமதிக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலைந்து லேப் வேகமாக ஓட்டி உள்ளே வந்ததும் ஊசி பைரோமீட்டரால் (டயரில் குத்தி வெப்பம் அளக்கும் கருவி) முன் டயரின் உள், நடு, வெளிப் பகுதிகளைக் குத்திப் பாருங்கள். உள்பகுதி 5 முதல் 10 டிகிரி செல்சியஸ் அதிகமாக இருந்தால் கேம்பர் சரி. வெளிப்பகுதி சுட்டால் மைனஸ் கேம்பர் இன்னும் அரை டிகிரி. நடு மட்டும் சுட்டால் அலைன்மென்ட்டைத் தொடாதீர்கள், காற்றைக் குறையுங்கள்.