அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோனால் எங்கே தொடங்குவது

சொத்து பிரித்ததில் மனக்கசப்பாகி, ஒரே ஆலயத்தில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து ஆராதித்துவிட்டுப் போகிற அண்ணன் தம்பிகள் நிறையப் பேர். நானும் அப்படி இருந்தவன்தான், அதனால் சொல்கிறேன், முதலில் வேதாகமத்தில் ஆதியாகமம் 32, 33 அதிகாரங்களைச் சேர்த்து வாசியுங்கள்.

அண்ணன் ஏசா 400 பேரோடு வருகிறான் என்று கேட்டதும் தம்பி யாக்கோபு பயந்தான், அந்தப் பயத்தை மறைக்காமல் தேவனிடம் அப்படியே சொன்னான். நீங்களும் "அவனை மாற்றும் ஆண்டவரே" என்று ஆரம்பிக்காமல் உங்கள் கோபத்தையும் பயத்தையும் முதலில் சொல்லுங்கள், அழுகை வந்தால் அழுங்கள். உங்கள் பக்கத்துத் தப்பையும் அறிக்கையிடுங்கள். யாக்கோபு அண்ணனை ஏமாற்றியவன் இல்லையா?

அப்புறம் ஒரு சின்ன அடி. யாக்கோபு முன்னதாகவே அண்ணனுக்கு வெகுமதியாக ஆடுமாடுகளை அனுப்பினான். நமக்கு ஒரு போன், பிள்ளையின் பரீட்சை பற்றி ஒரு விசாரிப்பு போதும். பத்திரம், பங்கு என்ற பேச்சை அன்றைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். அவர் சுள்ளென்று ஏதாவது சொன்னால், பதில் சொல்லும் முன் சங்கீதம் 141:3-ஐ மனதுக்குள் சொல்லுங்கள்: "என் வாய்க்குக் காவல்வையும்."

சமாதானமானால் கூடவே இருக்கவேண்டும் என்றில்லை. கட்டிப்பிடித்து அழுத பிறகும் ஏசா சேயீருக்குப் போனான், யாக்கோபு சுக்கோத்துக்குப் போனான். எல்லாரோடும் சமாதானமாயிருக்கச் சொல்லும் ரோமர் 12:18-ம் "உங்களாலானமட்டும்" என்றுதான் சொல்கிறது. அடி, மிரட்டல் இருக்கிற உறவென்றால் முதலில் பாதுகாப்பான இடத்துக்கு விலகுங்கள், தனியாகப் போய்ப் பேசாதீர்கள், போதகரிடமோ குடும்பத்துப் பெரியவரிடமோ இன்றைக்கே சொல்லுங்கள்.