முடிச்சுப் பாடம்: இரண்டு நிறக் கயிறு, ஒரு மணி நேரம்

சாரணியர் குழுவைப் புதிதாக எடுத்து நடத்தப் போகிறீர்களா? முதல் சில வாரங்களுக்குள் ஒரு முடிச்சுக் கூட்டம் வைத்துவிடுங்கள். மழை வந்தால் உள்ளே உட்கார்ந்தே நடத்தலாம். வாய் திறந்து பேசக் கூச்சப்படும் பெண்ணுக்கும் கையில் ஒரு வேலை கிடைத்துவிடும்.

என் குழுவில் இருபத்து நான்கு பேர், அணிக்கு ஆறு பேராக நான்கு அணிகள். முதல் தடவை நான் எல்லோருக்கும் எதிரே நின்று, கயிற்றைத் தூக்கிப் பிடித்து, "வலதை இடதுக்கு மேல், இடதை வலதுக்கு மேல்" என்று சொல்லிக் கொடுத்தேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், பாதிப் பேரின் முடிச்சு இழுத்த உடனே நழுவியது. குழந்தைகள் கவனமாகத்தான் பார்த்திருந்தார்கள். ஆனால் எதிரே நின்றவளின் வலது கை அவர்களுக்கு இடப்பக்கம் தெரிந்தது. சிலர் நான் சொன்னதைக் கேட்டுக் கட்டினார்கள், சிலர் என் கையைப் பார்த்துக் கட்டினார்கள், சிலர் முதல் பாதியைக் கேட்டும் மறுபாதியைப் பார்த்தும் கட்டியிருந்தார்கள். அந்த ஒரு சிக்கலைத் தீர்க்கத்தான் கீழே சொல்லும் முறை.

கயிறு

ஒருவருக்கு ஒன்றரை மீட்டரில் இரண்டு துண்டு, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். 8 மில்லிமீட்டர் தடிமன் போதும். பருத்திக் கயிறுதான் என் தேர்வு. நைலான் வழுக்கும், சரியாகப் போட்ட முடிச்சே தளர்ந்து போகும்போது, தான் தப்பாகப் போட்டதாக ஆரம்பநிலைப் பிள்ளை நினைத்துக்கொள்வாள். மெல்லிய சணலும் வேண்டாம், இறுகிவிட்டால் அவிழ்க்க நகம் போய்விடும். நிறக் கயிறு கிடைக்காவிட்டால் வெள்ளைக் கயிற்றில் பாதியைச் சாயத்தில் முக்கி எடுங்கள். நுனி பிரியாமல் இருக்க நூலை இறுக்கமாகச் சுற்றிக் கட்டிவிடுங்கள், அவசரத்துக்கு டேப் ஒட்டலாம்.

முந்தைய வாரம்: அணித் தலைவிகள் மட்டும்

இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நான்கு அணித் தலைவிகளையும் ஒரு வாரம் முன்பே இருபது நிமிடம் உட்கார வைத்து முடிச்சைக் கற்றுக் கொடுங்கள். கூட்டத்தன்று தன் அணிக்கு ஒவ்வொருத்தியும் அவளே சொல்லித் தருவாள். 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த சாரணர் பேரணிக்குச் சிறுமிகள் அழைப்பில்லாமல் தாங்களாகவே வந்து நின்றார்கள். அதற்கு அடுத்த ஆண்டுதான் சாரணர் இயக்கத்தைத் தொடங்கியவரின் தங்கை ஆக்னஸ் பேடன்-பவல் தலைமையில் பெண்களுக்கான இயக்கம் உருவானது. பெரியவர்கள் திட்டம் போடும் வரை அந்தப் பெண்கள் காத்திருக்கவில்லை. ஒரு பன்னிரண்டு வயதுக்காரி தன் அணிக்குப் பாடம் நடத்துவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வரும்.

முதல் முடிச்சு: ரீஃப்

சொல்லித் தருபவள் கற்பவளுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் உரச உட்கார வேண்டும். எதிரே உட்காரக் கூடாது. வலது, இடது என்ற சொற்களே வேண்டாம். ஒரே ஒரு விதி: "சிவப்புதான் எப்போதும் மேலே."

சிவப்பு நுனியை நீலத்தின் மேல் போட்டு, அடியில் சுற்றி மேலே எடுங்கள். இப்போது சிவப்பு மறுபக்கம் போயிருக்கும். அதே சிவப்பை மறுபடியும் நீலத்தின் மேல் போட்டு, அடியில் சுற்றி எடுங்கள். இழுங்கள். அவ்வளவுதான். இரண்டாவது முறை நீலம் மேலே போனால் அது ரீஃப் இல்லை, நழுவும் முடிச்சு.

சரியாக வந்ததா என்று பார்ப்பது எளிது. முடிச்சு தட்டையாக இருக்கும். சிவப்பு ஒரு வளையமாகவும் நீலம் ஒரு வளையமாகவும் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும். ஒவ்வொரு நுனியும் தன் நிறக் கயிற்றை ஒட்டியே படுத்திருக்கும். நுனிகள் குறுக்கே விறைத்து நின்றால் அவிழ்த்துவிட்டு மறுபடி போடச் சொல்லுங்கள்.

தட்டையாகப் படிவதால் முக்கோணக் கட்டுத்துணி கட்டும்போது இது உடம்பில் உறுத்தாது. உலகச் சாரணர் சின்னத்தைச் சுற்றியிருக்கும் கயிற்றின் அடியில் இருப்பதும் இதே முடிச்சுதான். ஆனால் பாரம் தாங்க வேண்டிய இடத்தில் இரண்டு கயிறுகளை இணைக்க இதை நம்பவே கூடாது. ஏன் என்று பிள்ளைகளே கண்ணால் பார்க்கட்டும்: சிவப்பு நுனியை ஒரு கையிலும் சிவப்பின் நீளப்பகுதியை மறு கையிலும் பிடித்து வெடுக்கென்று எதிரெதிரே இழுக்கச் சொல்லுங்கள். சிவப்பு நேராகிவிடும், நீலம் அதன்மேல் வழுக்கிக்கொண்டே கழன்று வரும். வாயால் எச்சரிப்பதைவிட இது நன்றாக மனதில் பதியும்.

அப்புறம் ஷீட் பெண்ட்

வெவ்வேறு தடிமனுள்ள கயிறுகளை இணைக்க இது. தடித்த கயிற்றை மடித்து ஒரு வளைவு செய்யுங்கள். மெல்லியது அந்த வளைவுக்குள் கீழிருந்து மேலே வந்து, வளைவின் இரண்டு கால்களையும் பின்பக்கமாகச் சுற்றி, தன் கயிற்றுக்கே அடியில் நுழைய வேண்டும். ரீஃப் கைவந்தவளுக்கு ஐந்து நிமிடம் போதும்.

போலைன்

இழுத்தாலும் இறுகாத வளையம் தரும் முடிச்சு. முயல் வளையிலிருந்து வெளியே வந்து, மரத்தைச் சுற்றி, மறுபடி வளைக்குள் போகும் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எல்லோருக்கும் பிடிக்கும். வளையை மாற்றிப் போட்டுவிட்டால் முயல் எத்தனை தடவை ஓடினாலும் முடிச்சு விழாது, இழுத்த உடனே பிரிந்துவிடும். சின்ன வளை போடும்போது நுனிப்பக்கக் கயிறு மேலேயும், நீளப்பகுதி அடியிலும் இருக்க வேண்டும். அந்த நீளப்பகுதிதான் மரம், நுனிதான் முயல். கதையைத் தொடங்குமுன் ஒவ்வொருத்தியின் வளையையும் அணித் தலைவி விரலால் தொட்டுப் பார்க்கட்டும். முடிந்ததும் ஒரு சாண் நுனியாவது மிஞ்சியிருக்க வேண்டும்.

ஒரு கட்டாய விதி: விளையாட்டுக்குக்கூட யார் கழுத்திலும் கயிறு போகக் கூடாது. இன்றைக்குக் கற்ற முடிச்சில் யாரும் தொங்கவோ ஏறவோ கூடாது. இதைக் கூட்டம் தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

கடைசிக் கால் மணி நேரம்

என் குழு திரும்பத் திரும்பக் கேட்கும் விளையாட்டு, இருவர் சேர்ந்து போடும் ரீஃப். பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒருத்தி வலது கையை மட்டும், மற்றவள் இடது கையை மட்டும் பயன்படுத்த வேண்டும். மெல்லப் பேசிக்கொண்டே போட்டால்தான் வரும். போட்டியாக நேரம் வைக்காதீர்கள், முதல் கூட்டத்தில் வேகம் தப்பான முடிச்சைத்தான் பழக்கும். மாறாக, அணியின் எல்லாக் கயிறுகளையும் ஷீட் பெண்ட் போட்டு ஒரே சங்கிலியாக்கி, இரு முனையிலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். அவிழ்ந்த இணைப்பை அணி முழுவதும் சேர்ந்து சரிசெய்யட்டும்.

வீட்டில் பழக வீடியோ கேட்பார்கள். கட்டுபவரின் தோளுக்கு மேலிருந்து எடுத்த வீடியோவாகப் பார்த்துக் கொடுங்கள், எதிரிலிருந்து எடுத்தது பழைய குழப்பத்தையே கொண்டுவரும். படிப்படியான படங்கள் வேண்டுமென்றால் அனிமேட்டட் நாட்ஸ் இணையதளம் நல்லது. ஒவ்வொரு படத்திலும் நிறுத்திப் பார்க்கலாம்.

பிற்சேர்க்கை

இடதுகைப் பழக்கமுள்ள பெண்ணுக்கு எப்படி என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். ரீஃபுக்கு எந்த மாற்றமும் வேண்டாம், சிவப்பு எந்தக் கையில் இருந்தாலும் விதி அதேதான். போலைனுக்கு மட்டும் அவளை எதிரே உட்கார வையுங்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல உங்கள் கையைப் பார்த்து அவள் அப்படியே செய்யலாம்.

இன்னொருவர், தன் குழுவில் பார்வையில்லாத ஒரு சிறுமி இருப்பதாக எழுதினார். நிறத்துக்குப் பதிலாக ஒரு கயிற்றைச் சொரசொரப்பாகவும் மற்றதை வழவழப்பாகவும் கொடுக்கச் சொன்னேன். "சொரசொரப்புதான் எப்போதும் மேலே." இரண்டு வாரம் கழித்து அவரிடமிருந்து மறுபடி கடிதம் வந்தது. ரீஃபைத் தொட்டே சரிபார்த்துச் சொல்வதில் அந்தப் பெண்தான் அணியில் முதல் ஆளாம். இப்போது மற்றவர்கள் தங்கள் முடிச்சை அவளிடம் கொண்டுபோய்க் காட்டுகிறார்களாம்.