கைப்பேசி பிளாஷை எப்போது போடுவது, எப்போது அணைப்பது

ஒற்றை வெள்ளை எல்.இ.டி. மட்டுமே இருந்த காலத்தில், மஞ்சள் விளக்கு எரியும் கூடத்தில் பிளாஷ் போட்டுப் படமெடுத்தால் முகம் மட்டும் நீலம் பூத்து வெளிறித் தெரியும். 2013இல் வந்த ஐபோன் 5எஸ், வெள்ளை ஒன்றும் ஆம்பர் (மஞ்சள் கலந்த ஆரஞ்சு) ஒன்றுமாக இரண்டு எல்.இ.டி.களை அறையின் ஒளிக்கேற்ற விகிதத்தில் எரியவைத்து இக்குறையைப் பெருமளவு குறைத்தது. 2022இன் ஐபோன் 14 புரோவில் 9 எல்.இ.டி.கள் உள்ளன, தேர்ந்தெடுக்கும் குவியத் தொலைவுக்கு (காட்சி அகலமாகவா, நெருக்கமாகவா பதிகிறது என்பதற்கு) ஏற்ப அவை எரியும் அமைப்பே மாறுகிறது. நிறமும் பரவலும் இவ்வாறு சீர்பட்டாலும், தொலைவின் கணக்கு மாறவில்லை.

தொலைவு இருமடங்கானால் எதிரில் இருப்பவர்மீது விழும் பிளாஷ் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும். ஆகவே படமெடுக்கப்படுபவர் ஓரிரு மீட்டருக்குள் இருக்கும்போது மட்டுமே பிளாஷை நம்புங்கள். மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து மேடையை எடுப்பவர் அதை அணைத்துவிடுவதே நல்லது. முன்னால் அமர்ந்திருப்போரின் தலைகளுக்கு ஒளியூட்டுவதைத் தவிர அங்கே அதற்கு வேலையில்லை.

பிளாஷ் உண்மையில் கைகொடுக்கும் இடம், பலரும் நினைத்துப் பார்க்காத பகல் வெளிச்சம். சன்னலுக்கோ மாலை வெயிலுக்கோ முதுகு காட்டி நிற்பவரின் முகம் இருண்டுவிடுமல்லவா? அப்போது அருகில் சென்று பிளாஷ் போட்டால் முகம் தெளியும், பின்னணியும் கெடாது. ஆனால் 'ஆட்டோ'வில் விட்டால், வெளிச்சம் போதும் என்று கேமரா முடிவுசெய்துவிடக்கூடும் என்பதால், 'ஆன்' என்பதை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரவில் பின்னணி விளக்குகளும் தெரிய வேண்டுமென்றால் ஸ்லோ சிங்க் முறை உதவும். 2017இன் ஐபோன் 8இல் இடம்பெற்ற இம்முறையில் ஷட்டர் மெதுவாக இயங்க, பிளாஷ் குறுகிய துடிப்பாக ஒளிரும். எனவே கையை ஊன்றிக்கொள்ளுங்கள், பிளாஷ் மின்னியவுடன் நகர வேண்டாமென்று எதிரில் இருப்பவரிடமும் சொல்லுங்கள். ஓடும் குழந்தையையும் கலங்காமல் படத்தில் உறையவைக்கும் ஆற்றல், வாயுக் குழாயில் கணநேரம் மின்னும் செனான் பிளாஷுக்கு உண்டு. நோக்கியா லூமியா 1020இல் அது இருந்தது. ஆனால் அதற்குத் தேவையான, மின்னேற்றத்தைச் சேமிக்கும் மின்தேக்கி இடத்தை அடைப்பதால், மெல்லிய கைப்பேசிகளில் எல்.இ.டி.யே நிலைத்துவிட்டது. என் பார்வையில் அது ஓர் இழப்புதான்.

லென்ஸை ஒட்டியே பிளாஷ் இருப்பதால் முகம் தட்டையாகத் தெரிவதும், மூக்குக்கண்ணாடி பளிச்சிடுவதும் எந்த மாதிரியிலும் முழுமையாக நீங்கவில்லை. இதற்கு எளிய வழி, உங்கள் பிளாஷை அணைத்துவிட்டு, இன்னொருவரின் கைப்பேசி டார்ச்சைப் பக்கவாட்டில் சற்று உயரத்தில் பிடிக்கச் சொல்வதாகும். அதன்மீது மெல்லிய வெள்ளைத் தாளை வைத்தால் நிழலின் விளிம்பு மென்மையாகும். ஆவணங்களை எடுக்கும்போதும் நேர் பிளாஷைத் தவிருங்கள்.

இவ்வளவு செய்தும் படம் முழுவதும் பால் படர்ந்தாற்போல் மங்கினால், கைப்பேசியின் உறையைக் கழற்றி, லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடியும் எடுத்துப் பாருங்கள். பிளாஷ் ஒளி உறையின் விளிம்பிலோ கைரேகைப் பிசுக்கிலோ பட்டுச் சிதறுவதே பெரும்பாலும் அதற்குக் காரணமாக இருக்கும்.