ஓலையும் ஆணியும்: வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு காலைப் பட்டறை

ஆகஸ்ட் பிறந்தால் யாழ்ப்பாணத்து வீடுகளில் கனடாப் பிள்ளைகளும் லண்டன் பிள்ளைகளும் நிறைந்துவிடுவார்கள். நாங்களும் நல்லூர், கோட்டை, நூலகம் என்று வாகனம் பிடித்துக் காட்டுகிறோம், அவர்களும் தலையை ஆட்டிவிட்டு வைஃபை எங்கே என்று கேட்கிறார்கள். பிழை அவர்களில் இல்லை. எல்லாவற்றையும் காட்டினோம், எதையாவது செய்ய விட்டோமா?

யூதப் பள்ளிகள் இதை வடிவாகச் செய்கின்றன. பெசாக் பண்டிகைக்கு முந்திய வாரங்களில் பிள்ளைகளுக்கென்று மாற்சா சுடும் பட்டறை வைப்பார்கள். மாற்சா என்பது புளிக்காத ரொட்டி. கோதுமை மாவும் தண்ணீரும்தான். எகிப்தில் அடிமைகளாக இருந்த முன்னோர், மா புளிக்கும்வரை காத்திருக்கவும் நேரமில்லாமல் வெளிக்கிட்டார்கள் என்பது கதை. இதை ஒருவர் மேடையில் நின்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அங்கே மா ஒரு பக்கம், தண்ணீர் இன்னொரு பக்கம் இருக்கும், இரண்டும் சேர்ந்த உடனேயே நேரம் எண்ணத் தொடங்கிவிடுவார்கள், 18 நிமிடத்துக்குள் குழைத்து, மெல்லிசாக உருட்டி, பொங்காமல் இருக்கத் துளையிட்டு அடுப்பில் போட்டுவிட வேண்டும். பிந்தினால் அந்த மா பெசாக்குக்கு ஆகாது. கையெல்லாம் மாவாக மூச்சு வாங்கி நிற்கிற பிள்ளைக்கு, 'அவசரமாகப் போனார்கள்' என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை.

சரி, நாங்கள் மாற்சா சுடப்போவதில்லை. அது அவர்களின் வழிபாடு, எங்கள் பிள்ளைகள் அதற்கு வேஷம் கட்ட வேண்டாம். எடுக்கவேண்டியது அந்த 18 நிமிடத்தை, அதாவது பெரியவர்களும் மீறமுடியாத ஒரு விதியை. எங்களுக்கு அதற்கு ஏற்ற பொருள் பனையோலை.

இரண்டு கிழமைக்கு முன்பே தொடங்குங்கள். பெட்டி பின்னுகிற ஆச்சிமாரிடம் சொல்லிவைத்தால் குருத்தோலை கிடைக்கும். ஈர்க்கை நீக்கி, ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, கொஞ்சம் மஞ்சள் போட்டு அவித்து, நிழலில் காயவைத்து, பாரம் வைத்து நிமிர்த்துங்கள். ஆளுக்கு ஐந்து ஓலையாவது வேண்டும், ஏனென்றால் முதல் மூன்றும் கட்டாயம் கிழியும். எழுத்தாணிக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள், ஒன்றரை அங்குல ஆணியின் முனையை அரத்தாளில் கொஞ்சம் மழுக்கி, ஒரு தடியில் இறுக்கினால் போதும். பிள்ளைகள் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம்.

எங்கள் விதி: அழிக்கக்கூடாது. பிழைத்தால் புது ஓலை. யூதர்களின் மறைநூலான தோராவைச் சுருளில் எழுதுகிறவர்களுக்கும் கிட்டத்தட்ட இந்தக் கஷ்டம்தான். 304,805 எழுத்துகள், எல்லாம் கையால், தோலில், ஓர் எழுத்து பிழைத்திருந்தாலும் திருத்தும்வரை அந்தச் சுருளில் வாசிக்கமாட்டார்கள். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், ஆனால் அவர்கள் இரண்டு ஓலையைக் கிழித்த பிறகு சொல்லுங்கள்.

எழுதச் சொல்லவேண்டியது தன் பெயர், அம்மம்மாவின் ஊர், அவ்வளவுதான். நான் முதல்முறை வைத்தபோது ஒரு திருக்குறளைக் கொடுத்துக் கெடுத்தேன். அரை மணித்தியாலத்தில் ஆணிகளெல்லாம் பெற்றோரின் கையில், பிள்ளைகள் ஃபோனில். இப்போது பெற்றோரை அடுத்த அறையில் தேத்தண்ணியோடு இருத்திவிடுகிறேன்.

எட்டு வயதுப் பிள்ளை ஒன்று 'சாவகச்சேரி' எழுதிக்கொண்டு வந்தது. 'க' முடிந்தது, 'ச்' வந்தது, புள்ளியை ஒரு குத்துக் குத்த ஆணி மறுபக்கம் வந்துவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தது. "அந்தக் காலத்து ஆட்கள் புள்ளி வைப்பது குறைவு, பிள்ளை. ஏன் என்று இப்ப விளங்குதா?" என்றேன். ஓலையைத் திருப்பி ஓட்டையைப் பார்த்துவிட்டு, "அப்ப எப்படி வாசிச்சவை?" என்று கேட்டது. பொருளைப் பிடித்துத்தான். தோராச் சுருளிலும் உயிர்க்குறிகள் இருக்காது, வாசிப்பவர் பழகித்தான் வாசிக்கிறார்.

பிறகு கரி. விளக்குப் புகையில் பிடித்த கரியை நல்லெண்ணெயில் குழைத்து ஓலை முழுக்கப் பூசச் சொல்லுங்கள். எழுதினது போச்சே என்று ஒரு சத்தம் எழும், பேசாமல் இருங்கள். பழந்துணியால் துடைக்கும்போது கீறலுக்குள் மட்டும் கரி தங்கி, எழுத்து கறுப்பாக மேலே வரும். (நல்ல உடுப்போடு யாரையும் விடவேண்டாம், அந்தக் கறை போகாது.)

கடைசியில் கேள்வி நேரம். பெசாக் இரவு விருந்தில், இந்த இரவு ஏன் மற்ற இரவுகள்போல இல்லை என்று வீட்டின் கடைக்குட்டிதான் கேட்கும், பெரியவர்கள் பதில் சொல்லவேண்டும். அதேபோல இங்கேயும் சின்னவர் கேட்கட்டும், அம்மம்மாவோ அப்பப்பாவோ சொல்லட்டும். ஏடு தொடக்கின நாள் ஞாபகம் இருக்கிறதா, யார் கைபிடித்து எழுதினார்கள் என்று தொடங்கலாம். ஒரு பிள்ளையாவது, பழைய ஏடுகள் எங்கே என்று கேட்கும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களோடு ஓலைச்சுவடிகளும் எரிந்தன என்பதை அப்போது சொல்லுங்கள், சொற்பொழிவு வேண்டாம். கையில் இருக்கிற ஓலையை அவர்களே திரும்பப் பார்ப்பார்கள்.

பயணப் பெட்டிக்குள் போடும்போது ஓலை வளையாமல் இரண்டு மட்டைகளுக்கு நடுவே வைத்து நூலால் கட்டுங்கள். ஒரு துளை போட்டுக் கொடுத்தால் அடுத்த வருடம் வந்து இரண்டாவது ஓலையைக் கோர்க்கலாம்.