பெல்லட்டைப் பிரிச்சுட்டுச் சுடுங்க

10 மீட்டர் ஏர் ரைஃபிள், அதாவது 10 மீட்டர் தூரத்துல இருக்கற இலக்கைக் காத்தழுத்தத் துப்பாக்கியால சுடறது, பழகறவங்களுக்கு ஒண்ணு சொல்றனுங்க. டப்பாவுல இருக்கற பெல்லட்டை, அதான் அந்தக் குட்டிக் குண்டை, அப்படியே போட்டுச் சுடாதீங்க. கண்ணாடித் தட்டை லேசாச் சாய்ச்சு ஒவ்வொண்ணா உருட்டிப் பாருங்க. நல்லதெல்லாம் ஒரே மாதிரி வளைஞ்சு ஓடும். பின்விளிம்பு நசுங்குனது தத்தித் தத்தித் தடம் மாறும். அதை ஒதுக்கிடுங்க.

அடுத்தது எடை. 4.5 மி.மீ. பெல்லட்டே சுமாரா அரை கிராம்தான். மளிகைக்கடைத் தராசு ஆகாதுங்க. கோயமுத்தூர் நகைப்பட்டறையில வெச்சிருக்கற மாதிரி மில்லிகிராம் தராசு வேணும். ஃபேனை நிறுத்திட்டு நிறுங்க, காத்துக்கே எண் ஆடும். 0.530 கிராம் ஒரு டப்பா, 0.535 கிராம் ஒரு டப்பான்னு போட்டு வெச்சு, ஒரு ரவுண்டுக்கு ஒரே டப்பாவுல எடுங்க. இலக்கு அட்டையில பத்து மார்க் குடுக்கற நடுப்பொட்டே அரை மில்லிமீட்டர்தானுங்க! கை நிக்காம ஆடறவங்களுக்கு இது உதவாது, அது வேற கதை.

பெல்லட் பெரும்பாலும் ஈயம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாம முறுக்கை எடுத்துடாதீங்க.